தட்டில் ஏழு சாவி

காலை ஆறு நாற்பது. தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டர். மேஜைமேல் இருந்த நீல பிளாஸ்டிக் தட்டில் முதலில் விழுந்தது, என் தங்கை இடுப்பில் செருகியிருந்த பீரோ சாவி.

உலோகம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று ஸ்கேன் எடுக்கும் பெண் சொல்லியிருந்தாள். தங்கை கழற்றிக் கொடுத்த கம்மலும் வளையலும் என் கைக்குட்டைக்குள் போயின. அடுத்து அவள் மடியிலிருந்து இன்னொரு சாவி. துணைக்கு உள்ளே வருகிறேன் என்ற மாப்பிள்ளையின் பாக்கெட்டுகளிலிருந்து மூன்று. வெளியே இருக்கப்போகிற நானும் அதைப் பார்த்து என்னிடமிருந்த இரண்டைப் போட்டேன்.

“அண்ணாச்சி, மூணு பேருமா பூட்டுக்கடை வச்சிருக்கிய?” என்றாள் அந்தப் பெண்.

தங்கைக்குப் பதினெட்டு வருடமாக வலிப்பு. எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிப்பார்கள். இரும்பால் எதுவும் நிற்பதில்லை. இரண்டு நிமிடத்தில் அது தானாகவே அடங்கும், ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். இதை டாக்டர் பலமுறை சொல்லிவிட்டார். நாங்கள் ஒருக்களித்துப் படுக்கவும் வைப்போம், சாவியும் கொடுப்போம். தட்டில் கிடந்த ஏழில் பீரோ சாவி ஒன்று, வீட்டுச் சாவி ஒன்று. மற்றவை எதைத் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

“இத வச்சிக்கிட்டு உள்ள போனா மிஷின் புடுங்கிரும். அது முழுக்க காந்தம்” என்றாள் அவள்.

மூன்று வகை மாத்திரைக்கும் வலிப்பு கட்டுப்படவில்லை. முன்பு எடுத்த இரண்டு ஸ்கேனிலும் குறை எதுவும் இல்லை என்றே எழுதியிருந்தது. வலிப்பு நோயாளிகளுக்கென்று மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் முறை இருக்கிறது, அதில் புள்ளி ஏதும் தெரிந்தால் ஆபரேஷனை யோசிக்கலாம், தெரியாவிட்டால் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே கோளாறு ஒன்று அகப்படவேண்டும் என்ற ஆசையோடு வந்திருந்தோம். மாப்பிள்ளை முந்தின நாள் ஆய்க்குடி முருகனிடம் அர்ச்சனையே செய்துவிட்டார்.

“என்னன்னு வேண்டுனிய?” என்று கேட்டேன்.

“என் பொண்டாட்டி மூளையில ஏதாவது இருக்கணும்னு.”

தங்கை உள்ளே போகும்போது இதைக் கேட்டுவிட்டாள். பத்து நிமிடத்தில் மைக்கில் அந்தப் பெண்ணின் குரல்: “அக்கா, தலை ஆடுது. சிரிக்கியளா?”

“இல்ல” என்றது உள்ளிருந்து ஒரு குரல். பிறகு, “ஆமா.”

“அப்ப முதல்லேருந்து எடுக்கணும்.”

மூன்று முறை முதலிலிருந்து எடுத்தார்கள்.

பதினோரு மணிக்கு ஸ்கேனைப் பார்க்கும் டாக்டர் எங்களை அழைத்தார். திரையில் மூளையின் ஓரமாக ஓடிய சாம்பல் பட்டை, வலது நெற்றிக்குப் பின்னால் ஓரிடத்தில் மட்டும் தடித்திருந்தது. அங்கே சாம்பலுக்கும் வெள்ளைக்கும் நடுவே கோடு மங்கியிருந்தது. கடலைப்பருப்பு அளவு. பிறவியிலேயே இருந்திருக்கும், பழைய ஸ்கேனின் அடுக்குகளுக்கு இடையில் விழுந்து தப்பியிருக்கிறது என்றார். ஆபரேஷன் உறுதி இல்லை, இன்னும் சோதனைகள் உண்டு. ஆனால் தேட ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

“பாத்தியளா, இருக்கு” என்றாள் தங்கை, தேர்வில் முதலிடம் வந்தவளைப்போல. மாப்பிள்ளை டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவில்லை.

“அருவியில குளிக்கலாமா?” என்று கேட்டாள் தங்கை.

“இப்ப கூடாதும்மா.”

“பாக்கலாம்ல்லா?”

குற்றாலத்துக்குப் பஸ் ஏறினோம். அருவிக்கு அரைமணி தூரத்தில் வாழ்ந்தும் பதினெட்டு வருடமாக அவள் தலை அதில் நனைந்ததில்லை. அன்று கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று முகத்தில் சாரலை வாங்கினாள். மாப்பிள்ளை சட்டையோடு அருவிக்குள் போய் நின்று, “ஏட்டி, உனக்கும் சேத்து குளிக்கேன்” என்று கத்தினார். நாற்பத்தாறு வயதில் நான் ஈரப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன்.

மங்குஸ்தான் விற்கும் பெண்ணிடம் தங்கை ஸ்கேன் படத்தை உறையிலிருந்து உருவி, வானத்துக்கு நேரே பிடித்தாள். “இங்கன பாருங்க, இந்த ஓரத்துல.”

அந்தப் பெண் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “நல்லா இருக்கு. எத்தன மாசம்?”

“பதினெட்டு வருசம்” என்றாள் தங்கை. பழக்காரப் பெண் அவள் வயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இரண்டு பழம் கூடுதலாகப் போட்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எங்களால் நேராக நடக்க முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு.

ஆய்க்குடியில் இறங்கி வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி ஐந்தரை. மாப்பிள்ளை ஈர பாக்கெட்டில் கை விட்டார். பிறகு தங்கை மடியைத் தடவினாள். பிறகு நான்.

ஏழு சாவிகளும் தென்காசியில், நீலத் தட்டில் இருந்தன.