தீர்ந்த பிரச்சினைகள்: பூஜ்யம்

என் மனைவியைப் பற்றி நானே பெருமையாக எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இருபத்தாறு வருடம் அவளோடு குப்பை கொட்டியவன் நான். எழுதும் உரிமை என்னை விட்டால் யாருக்கு இருக்கிறது?

அவளுக்கு வேலை மின்சார அலுவலகத்தில், புகார்ப் பிரிவில். ஒரு மேசை, இரண்டு தொலைபேசி, தலையணை கனத்துக்கு ஒரு பதிவேடு. கரண்ட் போய்விட்டது என்று எவனாவது போனில் கத்துவான். கத்தி முடித்ததும் அவன் சொன்னதை அப்படியே அவனுக்கே திருப்பிச் சொல்வாள். "ஆமாங்க, அதான்" என்று அவன் வாயால் வந்த பிறகுதான் பேனாவைத் தொடுவாள். லைன்மேன் வந்து சரிசெய்துவிட்டேன் என்றாலும் நம்ப மாட்டாள். புகார் கொடுத்தவரைக் கூப்பிட்டு, "லைட் எரியுதா?" என்று கேட்டு, எரிகிறது என்று அவர் சொன்னால்தான் 'தீர்ந்தது' என்று எழுதுவாள். லைன்மேன்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. வீட்டிலும் இதே கதைதான். குழம்பில் உப்பு இல்லை என்று நான் சொன்னால், "உப்பு இல்லைன்னு சொல்றீங்க, சரியா?" என்பாள். பாதிப் பசி அதிலேயே அடங்கிவிடும்.

நான்கு வருடத்துக்கு முன் எங்கள் பகுதியில் மார்க்கெட் தெருவுக்கும் ரயிலடித் தெருவுக்கும் கலவரம் மூண்டது. ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடங்கி மூன்று நாள் நடந்தது. மார்க்கெட் தெரு பேக்கரிக்காரரின் கடை எரிந்து கரியானது. ரயிலடித் தெரு லாரி டிரைவரின் பையனுக்கு, எவனோ எறிந்த கல்லில் இடது கண் போனது. வழக்குகள் நடந்து முடிந்தன. ஆனாலும் இந்தத் தெருக்காரர் அந்தத் தெருவில் கால் வைப்பதில்லை. பஸ் பிடிக்கக்கூட அரை மைல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இப்படி இரண்டுபட்டுப் போன ஊர்களில் மக்கள் உட்கார்ந்து பேசுவதற்கு ஓர் அறக்கட்டளை நிதி கொடுக்கிறது என்று அலுவலகத்தில் யாரோ சொல்ல, இவள் விண்ணப்பம் போட்டுவிட்டாள். "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று நான் குதித்தேன். என் குதிப்பை யார் மதித்தார்கள்? நிதி கிடைத்தது. நூலகத்தின் மாடி அறைக்கு வாடகை, நாற்காலிகள், டீச் செலவு, அவ்வளவுதான். சனிக்கிழமை மாலைதோறும் அந்தத் தெருவில் ஆறு பேர், இந்தத் தெருவில் ஆறு பேர். பம்பு செட் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு டீ கேன் தூக்கிக்கொண்டு மாடியேறுவது என் பங்கு.

அங்கே விதி ஒன்றே ஒன்று. எதிரில் இருப்பவர் சொன்னதை முதலில் உன் வாயால் சொல்ல வேண்டும். அவர் "ஆமா" என்ற பிறகுதான் உன் பதில். கேட்க எளிதாகத்தான் இருக்கும். பேக்கரிக்காரரின் இழப்பை டிரைவர் சரியாகச் சொல்வதற்கு இரண்டு வாரம் ஆனது. "கடை போச்சுன்னு சொல்றாரு" என்பார் டிரைவர். "கடை இல்ல. எங்கப்பா கையால கட்டின அடுப்பு" என்பார் பேக்கரிக்காரர். மறுபடி முதலிலிருந்து. கத்தலும் நாற்காலி இழுபடும் சத்தமும் கீழே நூலகம் வரைக்கும் கேட்கும்.

ஆண்டு முடிவில் அறக்கட்டளையிலிருந்து ஒரு படிவம் வந்தது. கூட்டங்கள் எத்தனை? நாற்பத்தொன்று. கலந்துகொண்டவர்கள்? பன்னிரண்டு. தீர்ந்த பிரச்சினைகள்? அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினாள்.

"உனக்கென்ன பைத்தியமா? பத்துன்னு போடு. யாரு வந்து எண்ணப் போறாங்க?"

"லைட் எரியுதுன்னு யாராவது சொன்னாங்களா? யாரும் சொல்லலையே."

"நிதிய நிறுத்திடுவாங்க. அறையப் பூட்டிடுவாங்க."

"தெரியும்" என்றாள். அந்த அறை போனால் அவள் ஒடிந்துவிடுவாள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்படியும் மாற்றவில்லை. பிடிவாதக்காரி. நான் கோபத்தில் சாப்பிடாமலேயே கடைக்குப் போனேன்.

பத்து நாளில், சனிக்கிழமைக் கூட்டம் நடக்கும்போதே அறக்கட்டளை அதிகாரி வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. மாடியேறிய களைப்பில் மூச்சு வாங்கினார். கையில் அந்தப் படிவம்.

"மேடம், உங்கள மாதிரி முப்பது குழு இருக்கு. எல்லாரும் இருபது, முப்பதுன்னு எழுதியிருக்காங்க. நீங்க மட்டும் பூஜ்யம். இத வெச்சுக்கிட்டு மேலிடத்துல நான் என்ன பேசுறது? இந்த வருஷத்தோட நிறுத்தத்தான் சொல்வாங்க."

அவர் பேக்கரிக்காரரிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. உங்களுக்கும் அவருக்கும் சமாதானம் ஆயிடுச்சா?"

"இல்ல."

டிரைவரைக் கேட்டார். "இல்ல சார்."

ஒரே ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும், பாவிகளா!

"அப்புறம் எதுக்கு வாராவாரம் வர்றீங்க?"

டிரைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இத மூடிட்டா எங்க சண்டைய நாங்க எங்க போய் போடுறது? தெருவுலயா?"

"நல்லாக் கேளுங்க!" என்று பேக்கரிக்காரரும் எழுந்துவிட்டார். நான்கு வருடத்தில் டிரைவர் பேச்சுக்கு அவர் ஒத்து ஊதியது அதுதான் முதல் தடவை.

தனக்காகத்தானே கத்துகிறார்கள் என்று என் மனைவி விட்டாளா? "ரெண்டு பேரும் உக்காருங்க. சார் சொன்னத முதல்ல திருப்பிச் சொல்லுங்க. அப்புறம் கத்தலாம்."

டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "நம்மள நம்பி யாரோ காசு குடுக்கிறாங்க. என்ன ஆச்சுன்னு அவங்க கேட்டா இவருதான் பதில் சொல்லணும். காட்டுறதுக்கு ஒண்ணும் இல்லைன்னா இவரு தலைதான் உருளும்."

அதிகாரி அசந்துவிட்டார். "ஆமா. அதேதான்."

"இப்ப நீங்க சார்" என்றாள்.

"இவங்களுக்கு இந்த அறை பிடிச்சுப்போச்சு."

"இல்ல" என்றார் டிரைவர்.

"மனசு விட்டுப் பேச ஒரு இடம் வேணும்."

"இல்ல" என்றார் பேக்கரிக்காரர்.

அதிகாரி படிவத்தை மடியில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை மெதுவாகச் சொன்னார். "இங்க சண்டை போடுறதாலதான் நீங்க வெளிய போடாம இருக்கீங்க. நான் இத மூடினா, அடுத்து விழுற கல்லு நான் எறிஞ்ச மாதிரி."

"ஆமா" என்றார்கள் இருவரும்.

போகும்போது அவர் என் மனைவியிடம், "பூஜ்யம் அப்படியே இருக்கட்டும் மேடம். மேலிடத்துல நான் பேசிக்கிறேன்" என்றார். சொன்னபடியே பேசியிருக்கிறார். இன்னும் மூன்று வருடத்துக்கு நிதி உண்டு என்றும், மற்ற குழுக்கள் இவளிடம் வந்து பார்த்துப் போக வேண்டும் என்றும் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை என் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் காட்டினேன். பம்பு ரிப்பேருக்கு வந்தவர்கள் நின்றுகொண்டே கதை கேட்க வேண்டியதாயிற்று.

அடுத்த சனிக்கிழமை கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். பேக்கரிக்காரர் டிரைவர் எதிரில் போய் நின்றார். யாரும் அவரைப் பேசச் சொல்லவில்லை.

"பையனுக்கு இன்னொரு கண்ணு நல்லாத் தெரியுதா?"

டிரைவர் அவரையே பார்த்தார். பிறகு பழக்க தோஷத்தில், "இன்னொரு கண்ணு நல்லாத் தெரியுதான்னு கேக்குறீங்க" என்றார்.

"ஆமா."

"தெரியுதுங்க. நல்லாப் படிக்கிறான்."

என் மனைவி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலிகளை அடுக்கினாள். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினாள். பத்து என்று எழுதச் சொன்னவன் நான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பல மடங்கு பெருமையாக இருந்தது. கேனைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவளோடு நாற்காலி பிடித்தேன்.