தூர நின்று கேட்க ஓர் ஆள்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், வயலை ஒட்டி ஒரு டென்ட் கொட்டகை இருந்தது. படம் மாறுகிற நாளெல்லாம் அங்கிருந்து ஒரு மாட்டு வண்டி கிளம்பும். இரண்டு பக்கமும் தட்டியில் போஸ்டர், நடுவில் ஒரு பெரிய டிரம், டிரம்முக்குப் பின்னால் பால்வண்ணநாதன். இலஞ்சி, மேலகரம், பாவூர்சத்திரம், கீழப்பாவூர் என்று ஊர் ஊராகப் போய் அடித்து, நோட்டீஸ் வீசிவிட்டு வர வேண்டும். அதுதான் அவர் வேலை.

டிரம் சத்தம் கேட்டால் தெருவே வாசலுக்கு வரும். வந்தவர்கள் போஸ்டரைப் பார்ப்பார்கள், நோட்டீஸைப் பொறுக்குவார்கள். அடிக்கிறவன் முகத்தை யார் பார்த்தார்கள்? வண்டியோட்டி இசக்கி மாடுகளோடு பேசுகிற அளவுக்கு மனுஷரோடு பேசமாட்டார். பால்வண்ணநாதனின் மனைவி தலைப்பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. கொழும்புக்குப் போன தம்பி அங்கேயே வேரூன்றிவிட்டான். கொட்டகைக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கிற சாய்ப்பில்தான் அவருக்குப் படுக்கை. சில நாள் அவர் வாயிலிருந்து முதல் வார்த்தை வருவதற்கே மத்தியானம் ஆகிவிடும்.

ஐம்பத்தேழாம் வருஷம், சாரல் தொடங்குகிற சமயத்தில் பழைய டிரம் உடைந்துபோனது. குற்றாலத்துக்கு வந்து நொடித்துப்போன ஒரு சர்க்கஸ்காரனிடமிருந்து முதலாளி மலிவாக வேறொன்றை வாங்கிப் போட்டார். வளையம் கோணியிருந்தது, தோல் தொய்ந்திருந்தது. அடித்தால் ஈரச் சாக்கை மண்ணில் போட்ட மாதிரி ‘சொத்’தென்றது.

“புதுத் தோல் ஒண்ணு மாத்துனா நல்லாருக்கும் மொதலாளி” என்று கேட்டுப் பார்த்தார்.

“அடிக்கத் தெரிஞ்சவன் தகர டப்பாவுலயும் அடிப்பான் வே. உள்ளத வச்சு ஒப்பேத்தும்.”

முதல் சுற்றிலேயே இலஞ்சியில் ஒரு பெண்பிள்ளை சிரித்துவிட்டாள். “என்ன அண்ணாச்சி, வண்டிக்குள்ள பூசணிக்காயா உருட்டுதீய?”

மறுநாள் காலையில் கொட்டகைக்கு முன்னாலிருந்த பொட்டலில் டிரம்மை வைத்து, வைக்கோல் கொளுத்தித் தோலைச் சூடு காட்டினார். சத்தம் ஏறியது. அடித்துப் பார்த்தார், அமர்க்களமாகத்தான் இருந்தது. அப்போது சாலையில் சைக்கிளை நிறுத்தி ஒருவர் இறங்கி வந்தார். பின் கேரியரில் நூல் மூட்டை. தென்காசியில் தறி போட்டிருக்கும் சேக் மைதீன்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய. ரோட்டுல இருந்து கேட்டா சத்தம் செத்துல்லா கேக்கு.”

“கிட்டக்க நல்லாத்தான இருக்கு பாய்?”

“கிட்டக்க எந்த டிரம்மும் நல்லாத்தான் இருக்கும். நான் அந்தப் பனைமரத்து மூட்டுல போய் நிக்கேன். நீங்க அடிங்க.”

பால்வண்ணநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் அடித்தும், ஊரார் காதில் விழுகிற தன் சத்தத்தை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்குத் தூரத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும்.

அன்றிலிருந்து சேக் மைதீன் நூல் வாங்கி வருகிற வழியில் தினமும் நின்றார். பனை மூட்டிலிருந்து கையைக் கீழே அமர்த்தினால் சத்தம் கனக்கவில்லை என்று அர்த்தம். கையை ஆட்டினால் எங்கோ கடகடக்கிறது. ஓடி வந்து இருவருமாகக் குனிந்து பார்ப்பார்கள். கோணிய வளையத்துக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை நறுக்கி வைத்தார்கள், கடகடப்பு நின்றது. முன்தோல் தேய்ந்திருந்ததால், அவ்வளவாக அடிபடாத பின்தோலைக் கழற்றி, ஊறவைத்து முன்பக்கம் மாட்டினார்கள். சாரலில் அது காய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. திருகாணிகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள்.

சத்தம் பெருகியது. ஆனால் அடித்து ஓய்ந்த பிறகும் ங்ஙோய் என்று இழுத்துக்கொண்டே இருந்தது. சேக் மைதீன் தறியில் மிஞ்சிய கழிவு நூலைப் பட்டையாகப் பின்னிக்கொண்டு வந்து, தோலின் உட்புறம் உரசும்படி குறுக்கே கட்டினார். இழுவை அடங்கியது. அவர் மனைவி ஆசியா பழைய கம்பளியைச் சுருட்டி அடிகோலின் தலையில் தைத்துக் கொடுத்தாள். ஈரம் பிடிக்காமல் டிரம்மை மூடிவைக்க, கிழிந்த குடைத் துணிகளை ஒட்டுப்போட்டு ஓர் உறையும். அதோடு தூக்குச்சட்டியில் இடியாப்பமும் வந்தது.

தோல் காயக் காத்திருக்கும்போது பேச்சு எங்கெங்கோ போகும். நூல் விலை, மைதீனின் மூத்த மகளுக்கு வந்த சம்பந்தம். ஒருநாள் பால்வண்ணநாதன் தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். அவள் பேரை உரக்கச் சொல்லியே வெகுகாலம் ஆகியிருந்தது. சேக் மைதீன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆடி பிறந்த பிறகு ஒரு காலையில் பனை மூட்டிலிருந்து இரண்டு கையும் மேலே போயின. “அண்ணாச்சி! நெஞ்சுல வந்து இடிக்கு! இனி எதையும் தொடாதீய. இதான் சத்தம்!”

கீழப்பாவூருக்கு வண்டி நுழையுமுன்பே ஆட்கள் தெருமுனையில் காத்து நின்றார்கள். தான் பார்த்து வாங்கிய டிரம் என்று முதலாளி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்.

மறுநாளும் பால்வண்ணநாதன் பொட்டலில் டிரம்மை வைத்து அடித்தார். சேக் மைதீன் சைக்கிளில் வந்தார், சிரித்துக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அப்படியே போய்விட்டார். அவர் நிற்க என்ன இருக்கிறது? வேலைதான் முடிந்துவிட்டதே. அடுத்த நாளும் அப்படித்தான்.

சில நாள் பொறுத்தார். பிறகு ஒருநாள் ஒரு திருகாணியைத் தளர்த்திவிட்டு, சாலை ஓரத்திலேயே போய் நின்றார். “பாய், சத்தம் கெட்டுப்போச்சு.”

சேக் மைதீன் உடனே இறங்கி வந்தார். தடவிப் பார்த்தார், திருகாணியை இறுக்கினார், ஒரு தட்டுத் தட்டினார். “சரியாப்போச்சு. கல்யாணச் சேலை தறியில கெடக்கு அண்ணாச்சி, வாரேன்.” வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த தடவை இரண்டு திருகாணி. அன்றைக்கு சேக் மைதீன் முகம் மாறியது. பால்வண்ணநாதன் குனிந்து உறையை மடித்தார். தெரிந்துவிட்டதோ என்று நினைத்தார்.

“இது தானா கழண்டது இல்ல” என்றார் சேக் மைதீன். “எவனோ வேணும்னே திருகி விட்டிருக்கான். கொட்டகைக்கு வார பயலுவள நம்பாதீய அண்ணாச்சி. இத உள்ள வச்சுப் பூட்டுங்க.”

“சரி பாய்” என்றார் பால்வண்ணநாதன். ‘நீங்க சும்மா வாங்க பாய், சும்மா இருந்து பேசிட்டுப் போங்க’ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்படி யாரையும் கூப்பிட்டுப் பழக்கமில்லை. அதன் பிறகு அவர் திருகாணியைத் தொடவே இல்லை.

மகள் கல்யாணம் முடிந்ததும் சேக் மைதீன் தறியை எடுத்துக்கொண்டு கடையநல்லூருக்கே, ஆசியாவின் சொந்தக்காரர்கள் பக்கம், குடிபோய்விட்டார். போகுமுன் கொட்டகைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “பெருநாளைக்குக் கட்டாயம் வரணும்.” பால்வண்ணநாதன் ஒருமுறை இசக்கியைப் பனை மூட்டில் நிற்க வைத்து அடித்துப் பார்த்தார். எப்படி அடித்தாலும் இசக்கி “சரிதான் வே” என்றார்.

மறு வருஷம் நோன்புப் பெருநாளைக்குச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வீடு நிறைய ஆட்கள். சேக் மைதீன் ஓடி வந்து கட்டிக்கொண்டார். “நான் சொல்லுவேம்லா, டிரம் அண்ணாச்சி, இவுகதான்!” நெய்ச்சோறும், ஆணம் என்று அவர்கள் சொல்லும் கறிக்குழம்பும் இலை கொள்ளாமல் வைத்தார்கள். ஆசியா மறுசோறு போட்டுவிட்டு, தான் தைத்த உறை எப்படி இருக்கிறதென்று விசாரித்தாள்.

“டிரம்மு எப்படி அண்ணாச்சி இருக்கு?” என்று கேட்டார் சேக் மைதீன்.

“நல்லா இருக்கு பாய். அப்படியே இருக்கு.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் அவர். பிறகு இருவரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. வாசலில் மருமகன் வந்ததாகக் குரல் கேட்டு சேக் மைதீன் எழுந்து போனார். பால்வண்ணநாதன் கொஞ்ச நேரம் காத்திருந்தார். படம் மாறுகிற நாள் என்று ஆசியாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அது பொய்யில்லை. அவர் வந்து சேர்ந்தபோது இசக்கி மாடுகளைப் பூட்டி, புது போஸ்டரைத் தட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தார். எங்கே போனீர் என்று கேட்கவில்லை. பால்வண்ணநாதன் சலவை வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார்.