சுண்ணாம்புக்கு அடியில் இருந்தது

ஊர் ஊராய்ப் போய்க் காய்ச்சல் பார்க்கும் நர்ஸ் வேலையில் பாதி நாள், உடம்பில் இருக்கிற ஒன்றை உடம்புக்காரர் வாயாலேயே 'இல்லை' என்று கேட்டுக்கொண்டு திரும்புவதுதான். வீடு வீடாக ஏறி இறங்கும் உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வீடு மீஞ்சூரில், வேலை பழவேற்காடு ஏரியோரத்துக் குப்பங்களில். மழை விட்டுப் புல்லும் புதரும் தழைத்ததும் உண்ணிக் காய்ச்சல் தலைகாட்டும். அதிலிருந்து பொங்கல் தாண்டும்வரை எனக்கு வேறு நினைப்பு கிடையாது.

கண்ணுக்குத் தெரியாதது

உண்ணி என்றதும் மாட்டுக் காதில் தொங்குமே, அதைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். போன வருஷம் மீன் ஏலக் கொட்டகையில் ஆட்களை உட்காரவைத்து விளக்கினேன். இது வேறு. புல்லிலும் புதரிலும் இருக்கும் பொடிப் பூச்சி. கடிப்பது தெரியாது. பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் பீடியால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும், அதுவும் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று துணி மூடிய இடமாகப் பார்த்து. பொருக்கைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் ஒரு வாரத்து மாத்திரையில் போய்விடும். விட்டுவிட்டால் நுரையீரல், கிட்னி என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும்.

புதருக்குள் போய்வந்தால் சோப்புப் போட்டுக் குளியுங்கள், கழற்றிய சட்டையைச் செடி மேல் போடாதீர்கள் என்றேன். பாதி நாள் தண்ணீரிலேயே நிற்கிற ஆட்களிடம் குளிக்கச் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். முன்வரிசையில் ஏழுமலை உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது, எந்தக் கூட்டத்திலும் ஒரு கேள்வியாவது கேட்காமல் எழுந்திருக்க மாட்டான். "கண்ணுக்கே தெரியாத பூச்சின்றீங்க. அப்புறம் இன்னாத்த பாத்து சிஸ்டர் நாங்க ஒதுங்கறது?"

கெளுத்தி மேல் பழி

இந்தப் பக்கத்தில் உடம்பில் எந்தப் புண் வந்தாலும் பழி கெளுத்தி மீன் மேல்தான். அதன் முள் குத்தினால் உயிர் போகிற வலி வலிக்கும். உடனே சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிவிடுவார்கள். எல்லாக் கெடுதலும் தண்ணீரிலிருந்துதான் வரும் என்பது இவர்களுக்குப் பிறந்ததிலிருந்து பழகிய எண்ணம். கரையில் இருக்கும் புல்லைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் ஒரு பெண்ணுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தி, ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு இடமாகத் தேடினேன். மார்புக்கு அடியில் இருந்தது பொருக்கு. டாக்டருக்குப் போன் போட்டேன், மாத்திரையைக் கொடுக்கச் சொன்னார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வாரம் படகில் போகும்போது தண்ணீரிலிருந்து அவளே கையாட்டிக் கத்தினாள். "அந்தக் கெளுத்திய நாலு நாளு சும்மாவே திட்டினு இருந்தேன் சிஸ்டர்."

கழி வெட்டியவர்கள்

ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. இன்று இந்த வீட்டுக்கு, நாளை அந்த வீட்டுக்கு என்று ஊரே முறை வைத்துச் சுற்றி வரும். அதற்குப் பாடு என்று பெயர். தன் நாளைத் தவறவிட்டவன் அடுத்த சுற்று வரும்வரை மற்றவன் வலையில் இறால் விழுவதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வலையைத் தண்ணீரில் நிறுத்தக் கழிகள் வேண்டும். பாடு வருவதற்கு முன்னால் கழிகளைச் சரிபார்ப்பார்கள், போதாவிட்டால் புதிதாக வெட்டுவார்கள்.

அன்றைக்கு நான் சவுக்குத் தோப்பு வழியாக நடந்து வந்தேன். ஏழுமலையும் அவன் மச்சானும் கழி வெட்டி முடித்து, முழங்கால் உயரப் புல்லில் வெற்றுடம்போடு படுத்திருந்தார்கள். சட்டைகள் புதர் மேல் கிடந்தன. எனக்குக் கோபம் வந்தது. கொட்டகையில் தொண்டை வற்றக் கத்தியது இதற்குத்தானா என்று கேட்டேன். ஏழுமலை எழுந்து உட்கார்ந்து, முதுகில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டான். "பாடு வருது சிஸ்டர். கழி இல்லாங்காட்டி கையையா நட்டு வெக்கறது?"

வாசலில் உட்கார்ந்திருந்தவன்

பன்னிரண்டு நாள் கழித்து ஏழுமலை வீட்டில் காய்ச்சல் என்றார்கள். போனபோது மூன்றாம் நாள். வாசலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கண் சிவந்திருந்தது, தலை பிளக்கிறது என்றான். சுற்றி நாலைந்து ஆண்கள். மறுநாள் அவன் பாடு. இவன் போவானா மாட்டானா என்பதுதான் அங்கே பேச்சு.

கை, கால், கழுத்து பார்த்தேன். சட்டையைத் தூக்கச் சொல்லி முதுகு பார்த்தேன். லுங்கியைத் தளர்த்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐம்பதை நெருங்குகிறவள், எத்தனையோ பிரசவம் பார்த்தவள், அத்தனை ஆண்களுக்கு நடுவில் கூச்சப்பட்டேன். உள்ளே வா என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. "வேற எங்கயாவது பூச்சி கடிச்சு கருப்பா புண் கிண் இருக்கா?" என்று வாயால் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். படிவத்தில் 'கருப்புப் பொருக்கு' என்ற கட்டத்துக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். பொருக்கைப் பார்த்திருந்தால் டாக்டருக்குப் போன் போட்டு அங்கேயே மாத்திரையைக் கொடுத்திருப்பேன்.

இப்போதே கிளம்பு, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். அவன் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சிரித்தான். "நாளைக்கு ஒரு நாளு விடுங்க சிஸ்டர், மத்தாநாளு நானே வரேன்."

போனில் வந்தது

மறுநாள் ஏழுமலை வலை கட்டினான். நல்ல இறால் விழுந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். சாயங்காலம் படகிலிருந்து அவனைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். விடிந்ததும் மூச்சு வாங்கியது. நான் எழுதிய படிவத்தோடு ஆம்புலன்சில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வார்டிலிருந்து ஒரு நர்ஸ் எனக்குப் போன் செய்தாள். சின்னப் பெண் குரல். குற்றம் சாட்டவெல்லாம் இல்லை, எழுதுவதற்காகக் கேட்டாள். "மேல சுண்ணாம்பு பூசியிருந்தாங்க மேடம், தொடச்சதும் அரைஞாண் கயித்துக்கு அடியில பொருக்கு நல்லாவே தெரியுது, நீங்க இல்லைன்னு போட்டிருக்கீங்களே?"

கதவுக்குப் பின்னால்

இரண்டாம் நாள் ஏழுமலை இறந்துபோனான்.

காரியம் முடிந்தபிறகு போனேன். போகாமல் இருக்கலாம் என்று பஸ்ஸில் வழி நெடுகத் தோன்றியது. அவன் மனைவி தேவகி வலைக்கு ஓட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அது அவர்கள் வலை இல்லை, கூலிக்கு வந்த வலை. பள்ளிக்கூடம் போகும் அவர்கள் பெண் பிள்ளை உள்ளே எழுதிக்கொண்டிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து, என் தப்பு, நான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் அழுவாள், இல்லை திட்டுவாள் என்று இருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊசியை நிறுத்தாமலே சொன்னாள். காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அவள் அந்தப் புண்ணைப் பார்த்திருக்கிறாள். கெளுத்தி குத்தியது என்று நினைத்து, தினமும் அவள் கையாலேயே சுண்ணாம்பு வைத்திருக்கிறாள். வலிக்கவில்லையே என்று அவன் சொன்னதற்கு, சுண்ணாம்பு வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். நான் கேட்டபோது அவன் ஏன் இல்லை என்றான் என்று கேட்டேன். நீங்கள் பூச்சிக் கடியைக் கேட்டீர்கள், அவருக்கு அது மீன் முள் குத்தின காயம்தானே என்றாள். அப்புறம் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கி நான் கதவுக்குப் பின்னாலதான் சிஸ்டர் நின்னுனு இருந்தேன், அவர கேட்டீங்க, என்னைய ஒரு வார்த்த கேக்கல."

இந்த வருஷம்

இந்த வருஷமும் மழை விட்டது, புல் வளர்ந்தது, காய்ச்சல் வந்தது. இப்போது வாசலில் நின்று விசாரிப்பதில்லை. ஆளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொல்கிறேன். வீட்டுக்காரியையும் கூடவே நிற்கவைக்கிறேன். பூச்சி என்ற வார்த்தையை எடுப்பதே இல்லை. எங்கேயாவது சுண்ணாம்பு வைத்தீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

போன வாரம் ஏழுமலையின் மச்சானுக்குக் காய்ச்சல். இந்த வருஷமும் கழி வெட்டிவிட்டு வந்தவன்தான். எங்கும் ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொன்னான். அவன் மனைவி அவனைப் பேசவே விடவில்லை. லுங்கியை அவளே தளர்த்தித் தொடை இடுக்கைக் காட்டினாள். அங்கே வெள்ளையாகச் சுண்ணாம்பு, துடைத்ததும் கருப்பு. டாக்டருக்குப் போன் போட்டேன். மாத்திரையை என் கண் முன்னாலேயே விழுங்கவைத்தேன். நேற்றுப் போனபோது அவன் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தான். அடுத்த வீட்டுக்கு வழி காட்ட வந்த தேவகி அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒரு கேள்விதான், இல்ல சிஸ்டர்?"

படிவத்தில் பெயர், வயது, தொழில், பொருக்கு உண்டா இல்லையா என்று பதினெட்டுக் கட்டங்கள் இருக்கின்றன, பெண்டாட்டியைக் கேட்டாயா என்பதற்குத்தான் ஒரு கட்டமும் இல்லை.