மாவுக்கட்டுக்கு ஊற்றிய தண்ணீர்

அப்போது மைசூரில் ரிங் ரோட்டை ஒட்டி ஒரு கட்டட வேலை. அங்கேயே தகரக் கொட்டகையில் இருந்தோம். சொந்த ஊர் கௌதள்ளி. தூணுக்கு ஈரச் சாக்கு சுற்றித் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. மகளுக்கு ஐந்து வயது. கூடவே சுற்றுவாள்.

"எதுக்கும்மா ஊத்தற?"

"ஊத்துனாத்தான் கெட்டியாகும்."

அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

அந்த மாதம் அவள் அப்பா சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டு கெட்டியாக இருக்க வேண்டும், எலும்பு விலகினால் ஆபரேஷன்தான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். மாத்திரை போட்டு அவர் தூங்கிக்கொண்டிருந்தார். காலைச் சுற்றி ஈரச் சாக்கு. இவள் கையில் சொம்பு. கட்டைத் தொட்டேன். அழுத்தினால் நெகிழ்ந்தது.

கை ஓங்கிவிட்டேன்.

"என்னடி பண்ணிப்போட்ட?"

"நீயுந்தான தூணுக்கு ஊத்தற. அப்பாவுக்கும் கெட்டியாகோணுமில்ல?"

சாக்கைக்கூட நான் சுற்றுகிற மாதிரியே மேலிருந்து கீழாகச் சுற்றியிருந்தாள். கை இறங்கிவிட்டது.

அவர் விழித்துப் பார்த்தார். "உடு. நானும் தூணாட்டந்தான கெடக்கறேன்" என்றார்.

ஆட்டோ பிடித்துப் போனோம். கட்டுப் போடுகிறவருக்குத் தமிழ் தெரியும். விஷயத்தைச் சொன்னேன்.

"எஞ்சினியரம்மா நீங்கதானா?" என்றார் அவளிடம்.

அவள் சிரிக்கவில்லை. "எலும்பு வெலகிருச்சா?" என்றாள்.

படம் எடுத்தார்கள். விலகவில்லை.

புதுக் கட்டுக்கு அவர் மாவுத் துணியைத் தண்ணீரில் முக்கினார். இவள் உடனே, "நீங்களும் நனைக்கறீங்க" என்றாள்.

"ஒரு வாட்டிதாம்மா. இறுகினப்புறம் தண்ணி ஆகாது."

"தூணுக்கு இறுகுனப்புறமும் ஊத்தறாங்களே?"

"அது சிமெண்டு. இது வேற."

"எப்படி வேற?"

அவர் தொட்டியில் இறுகிக் கிடந்த மாவுக் கட்டி ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றில் சிமெண்டுக் கட்டி. காலையில் எழுந்ததும் இரண்டையும் நகத்தால் சுரண்டினாள். மாவு சுரண்ட வந்தது. சிமெண்டு வரவில்லை.

"இது வேறதாம்மா" என்றாள். என்னவோ நான்தான் இல்லையென்று சொன்ன மாதிரி.

படுத்தபடியே அவர் கேட்டார். "அப்ப என் கட்டுக்கு?"

"இனிமே ஒரு சொட்டு ஊத்தமாட்டேன்."

பிறகு அடுப்புப் பக்கம் போனாள். டீக்கு வைத்திருந்த வெல்லக் கட்டியை எடுத்து மூன்றாவது கொட்டாங்குச்சியில் போட்டாள்.

நான் தடுக்கவில்லை. அன்று டீ வெல்லமில்லாமல்தான்.