கூட வருகிறேன் என்றவள்

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் அவளைத் துணிக்கடையில் ‘மடிப்பு’ என்று கூப்பிடுவார்கள். கால்சட்டை வாங்கியவரின் உயரத்துக்கு ஏற்ப அதன் அடியை வெட்டி மடித்துத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. கடையின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. ஒரு தையல் இயந்திரம், ஓர் இஸ்திரிப் பெட்டி, ஓர் ஆளுயரக் கண்ணாடி. மண்டியிட்டபடியே ஆட்களைப் பார்த்துப் பழகியதால், முகத்தைவிடக் கணுக்கால்தான் அவளுக்கு நினைவிருக்கும்.

அவளையும் அவள் அண்ணனையும் வளர்த்தவர் அம்மாவைப் பெற்ற தாத்தா. அரசு அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். “வாழ்நாள் முழுக்க மேலே போனவன், ஒரு படி ஏறினதில்லை” என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வார். மாலையில் கீழே என் வீட்டில் என்னோடு உட்கார்ந்து வானொலிச் செய்தி கேட்பார். அவளை எதிரே வைத்துக்கொண்டுதான் பேசுவார். அவள் எழுந்து போனால் பேச்சும் நின்றுவிடும்.

கடைசி வருடம் உடம்பு தளர்ந்தபோதும் சாவு என்ற சொல்லை அவர் வாயில் எடுக்கவில்லை. விளக்கு அணைந்தால் மலையேறிவிட்டது என்கிறோமே, அந்தக் கணக்கில், “நான் மலையேறிட்டா நீ என்னடி பண்ணுவே?” என்பார். அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, “நானும் கூட வரேன்” என்பாள். அவர் முகம் சுண்டிப்போகும். “வாயைக் கழுவு” என்பார். அவள் சிரிப்பாள். என் முன்னாலேயே இது பலமுறை நடந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவர் அவள் அண்ணனிடம் கடைசியாகச் சொன்னதும் அதுதான். “அவளைத் தனியா விட்டுடாதேடா. கூட வரேன் கூட வரேங்கறா. சொன்னா செய்யறவ.”

அவர் போனபோது அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், டம்ளர் கழுவினாள், அடுத்த வாரமே வேலைக்குப் போனாள். எதைக் கேட்டாலும் “ம்” என்றாள். அண்ணன் டாக்ஸி ஓட்டுபவன். சவாரியை விட்டுவிட்டுக் காலையில் கொண்டுபோய் இறக்கினான். மாலையில் கடை வாசலில் நின்றான். அவள் குளிக்கப் போனால் கதவைத் தட்டி நேரம் கேட்டான். காய் நறுக்கும் கத்தியை எடுத்துப்போய் டாக்ஸி டிக்கியில் பூட்டினான். அவள் தையல் கத்தரிக்கோலால் தக்காளி வெட்டினாள். கத்தி எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவன் என்னிடம் வந்தான். “மாமா, அவளுக்கு நாளைக்கு மலைக்குப் போகணுமாம். தாத்தாவுக்குக் கொடுத்த வாக்காம். மேல போனா ஓரம் முழுக்கப் பள்ளம். நீங்களும் வாங்க. பெரியவங்க இருந்தா ஒரு கூச்சம் இருக்கும்.”

“பூட்டி வைக்க முடியாதாடா?”

“அவ என்ன கத்தியா மாமா?”

போனோம். கல் பாவிய பாதை. திருப்பங்களில் மட்டும் கம்பித் தடுப்பு. அவன் பள்ளத்துப் பக்கமாகவே நடந்தான். அவளுடைய தோள்பையின் வாரைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

“அண்ணா, பையை விடு.”

“கனமா இருக்குமேன்னு பிடிச்சேன்.”

“தண்ணி பாட்டில்தான் இருக்கு.”

“தண்ணியும் கனம்தான்.” மூச்சு வாங்க நின்றான். “இங்க ஒரு லிஃப்ட் வச்சிருந்தா தாத்தாவே ஓட்டியிருப்பார்.” அவள் சிரிக்கவில்லை.

கடைசித் திருப்பத்தில், கம்பி முடியும் இடத்தில், அவன் பாதையை மறித்துக்கொண்டான்.

“இதுக்கு மேல வேண்டாம்.”

“இன்னும் கொஞ்சம்தான்.”

“கால்ல விழறேன், வேண்டாம். தாத்தா என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனார்.”

“என்ன சொன்னார்?”

அவன் என்னைப் பார்த்தான். 

அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். “மலையேறணும் மலையேறணும்னு எப்பப் பார்த்தாலும் சொல்வார். கூட வரேன்னேன். அவரால முடியல. நானாவது ஏற வேண்டாமா?”

“மலையேறணும்னா சொன்னார்? ‘மலையேறிட்டா’ன்னுதானே சொன்னார்.”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

விளக்கிச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. விளக்கை அப்படிச் சொல்லும் வழக்கம் உண்டு, அவர் தன் சாவைத்தான் அப்படிச் சொன்னார் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“எங்க வீட்ல பல்புதான் மாமா. ஃபியூஸ் போச்சுன்னுதான் சொல்வோம்.”

அண்ணன் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை.

“அதுக்கா கத்தியை எடுத்துட்டுப் போனே?”

“ஆமா.”

“கத்தரிக்கோல் இருந்துதே.”

“தோணலடி.”

 அவள் என்னிடம் கேட்டாள். “அப்போ நான் சாகப்போறேன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டாரா மாமா?”

இல்லை என்று சொல்லலாம். எனக்குத் தெரிந்தது அது அல்ல. “ஆமாம்மா” என்றேன்.

“ம்” என்றாள்.

அண்ணன் பையின் வாரைத் தானாகவே விட்டான். “நீ போயிட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்” என்று சொல்லி, மலைக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தான். முழங்கால்களை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான். அவள் காலடி ஓசை தேய்ந்தது.  ஓசை மறுபடி கேட்டபோதுதான் அவன் கைகளை எடுத்தான்.

“மேல என்ன இருக்கு?” என்று கேட்டான்.

“ஒண்ணுமில்ல. ஒரு இரும்புப் பெஞ்சு. காத்து.”

“என்ன பண்ணினே?”

“மலைக்குத்தான் வரேன்னேன் தாத்தான்னு சொன்னேன். காத்துல எனக்கே கேட்கல.”

“மனசு லேசாச்சா?”

“தெரியல. கால் வலிக்குது.”

இறங்கும்போது அண்ணன் முன்னால் நடந்தான். அவள் நடுவில், நான் கடைசியில். அடிவாரம் வரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு அவன் பட்ட பாடு பின்கழுத்தில் தெரிந்தது.