நடந்ததற்கு அபராதம்

குடியிருப்புச் சங்கம் மேஸ்திரியம்மாவுக்குப் பன்னிரண்டு ஆட்களின் ஒரு நாள் கூலி பாக்கி வைத்திருந்தது. வேலை செய்யாததற்காகப் பிடித்த பணமில்லை. நடந்ததற்காகப் பிடித்த பணம்.

மேஸ்திரியம்மா யாரென்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஊரார் தோட்டத்துக்குக் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றத் தொடங்கியவர், இன்று ஒரு கூட்டத்தையே வைத்து வேலை வாங்குகிறார். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடத் தெரியும். அதுவும் காசோலைக்காகக் கற்றுக்கொண்டது. "இங்க நிழல்ல நிக்கிறவன் எவனா இருந்தாலும் என் தயவுலதான் நிக்கிறான்" என்பார். பெருமைதான், ஆனால் பொய்யில்லை.

'நடந்தே வாழலாம்' என்று விளம்பரம் செய்துதான் அந்தக் குடியிருப்பைக் கட்டினார்கள். கார்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். கடை, பள்ளி, மருத்துவர் எல்லாம் நடக்கிற தூரம். பாதையின் இருபுறமும் மரம். மழைத்தண்ணீர் சாக்கடைக்கு ஓடாமல் வேருக்கே இறங்குகிற மாதிரிப் பள்ளம். பள்ளம் தோண்டியது, கல் பதித்தது, கன்று நட்டது, பட்டுப்போனதைப் பிடுங்கிவிட்டு மறுபடி நட்டது, எல்லாம் மேஸ்திரியம்மாவின் ஆட்கள்.

பாதை முடிந்ததும் ஒரு விதி வந்தது. பச்சைக் கோட்டுப் போட்ட பராமரிப்பு ஆட்கள் அதில் நடக்கக் கூடாதாம். பின்பக்க மதிலை ஒட்டிச் சுற்றிப் போக வேண்டுமாம். அங்கே ஒரு செடிகூடக் கிடையாது. ஒரு மத்தியானம் எரு மூட்டையோடு போன மேஸ்திரியம்மாவின் தங்கைக்குத் தலை சுற்றியது. மேஸ்திரியம்மா எல்லோரையும் பாதை வழியாகவே கூட்டிப் போனார். காவலாளி படம் எடுத்தான். மாதக் கடைசியில் பில்லில் ஆளுக்கு ஒரு நாள் கூலி குறைந்திருந்தது. யார் கூலியிலும் ஒரு காசு குறைத்துப் பழக்கமில்லாதவர், தன் ஆட்கள் முகத்தில் எப்படி விழிப்பார்?

நேரே செயலாளர் அறைக்குப் போனார்.

"நாங்க போட்ட பாதையில நாங்க நடந்ததுக்கா சார் அபராதம்?"

"பாதை குடியிருக்கிறவங்களுக்கும்மா. விதி அப்படி."

"சரி, அவங்க நடக்கட்டும். இதுவரைக்கும் ஒருத்தரையும் நான் பாக்கலியே."

உண்மை. கார் நிறுத்துமிடத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவிட பேட்டரி வண்டி விட்டிருந்தார்கள். அதற்குப் பெயர் பசுமை வண்டி. செயலாளர் பேச்சை முடித்துக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பிவிட்டார். மேஸ்திரியம்மா வெளியே வந்து தங்கையிடம் நடந்ததைச் சொன்னார்.

"விடுக்கா, நாம என்ன பறந்தா போக முடியும்" என்றாள் தங்கை.

"பறந்தா அதுக்கும் பில்லு போடுவான்டி."

கொஞ்ச நாள் கழித்து, பசுமைச் சான்று கொடுக்கிற குழு பார்வையிட வந்தது. ஜனங்கள் நடமாடுகிறார்களா என்று பார்த்துத்தான் சான்று தருவார்களாம். வீடுவீடாகச் சொல்லி அனுப்பியும் ஒரு கதவு திறக்கவில்லை. பாதை துடைத்துவைத்த மாதிரிக் கிடந்தது. குழுவைத் தேநீரோடு உட்கார வைத்துவிட்டு, செயலாளர் பின்பக்க மதிலுக்கு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"அம்மா, ஒரு உதவி. உங்க ஆளுங்க அந்தப் பச்சைக் கோட்டைக் கழட்டிட்டு, பாதையில அப்படி இப்படி நடக்கணும்."

மேஸ்திரியம்மா மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"கோட்டைக் கழட்ட மாட்டோம் சார். அந்தப் பாதையப் போட்டவங்களாத்தான் நடப்போம். யாருன்னு கேட்டா அதையும் சொல்லுவோம்."

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, எப்படியோ நடங்க."

"பிடிச்ச கூலி?"

"அடுத்த மாச பில்லுல சேத்துடறேன்மா."

"அப்ப அடுத்த மாசம் நடக்கிறோம்."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். தங்கை தரையில் உட்கார்ந்தே விட்டாள். செயலாளர் பணப்பையைத் துழாவினார், போதவில்லை. காவலாளியைக் கூப்பிட்டு, படம் எடுத்த அதே ஆளிடம், கைமாற்று வாங்கினார்.

மேஸ்திரியம்மா உள்ளங்கையை நீட்டினார். மண் அப்பிய கை, துடைத்துக்கொள்ளவில்லை. செயலாளர் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைக்க, அவர் ஒவ்வொரு ஆளின் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி ஆளின் கூலி விழும்வரை விரல்களை மூடவில்லை.