மக்க வேண்டிய வலை

போன வருடம் பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்தில், எங்கள் வீட்டு வாசலில் நடந்தது.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். யாரோ கடலில் விட்டுப்போன நைலான் வலை, தண்ணீருக்கடியில் சுழலும் எங்கள் படகு என்ஜினின் காத்தாடியில் சுற்றிக்கொண்டது. அதை அறுக்கக் குதித்த என் கொழுந்தன் அதிலேயே சிக்கி, மேலே வரவில்லை. தம்பியைப் பிணமாகத் தூக்கி வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் வலையைத் தொடவே கூசினார்.

அப்போதுதான் ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி வந்தாள். கடலில் தொலைந்தாலும் தானே மக்கிப்போகும் நூலில் வலை செய்திருக்கிறார்களாம், யாராவது போட்டுப் பார்க்க வேண்டுமாம். "மக்கிப்போற வலைல மீனு நிக்குமா?" என்று ஊரே சிரித்தது. இவர் மட்டும் வாங்கிக்கொண்டார். அவள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "கிழிஞ்சா அப்படியே விட்டுடுங்கண்ணா. எப்படி இத்துப்போவுதுன்னு நான் பாக்கணும்."

மீன் குறைவாகத்தான் விழுந்தது. ஆனாலும் இவருக்குப் பேச்சு திரும்பியது. "இது மட்டும் தேறிடட்டும், ஊரையே மாத்திடலாம்டி" என்பார். அந்த நம்பிக்கையில்தான் நாலு வாய் சோறு இறங்கியது.

வலை அங்கங்கே இத்துப்போனது. அந்தப் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள், தாய்வீட்டுக்குப் போயிருந்த என் ஓரகத்தி, செத்துப்போன கொழுந்தனின் மனைவி, திரும்பி வந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் வலைப் பேச்சை யார் எடுப்பது? அது சோதனைக்கு வந்த வலை, அடைக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில், பொத்தல் வலை அடைக்காமல் கிடந்தால் அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் அவமானம். நாங்கள் வெளியே போயிருந்த நேரத்தில் அவள் அந்த வலையை அடைக்க உட்கார்ந்துவிட்டாள். இத்த ஓரங்களையெல்லாம் நறுக்கி அடுப்பில் போட்டு, வீட்டில் கிடந்த நைலான் நூலால் அத்தனையையும் அடைத்திருந்தாள்.

"எல்லாப் பொத்தலையும் அடைச்சிட்டேன் மாமா. தைரியமா கடலுக்குப் போங்க" என்றாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் வந்த பெண் வலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "இனிமே இத வச்சி எதுவும் சொல்ல முடியாதுண்ணா." வேறு வலை கொண்டுவருவதாகச் சொல்லிப் போனவள் வரவேயில்லை. விசாரித்தால், அந்தத் திட்டமே முடிந்துவிட்டது என்றார்கள்.

இவர் இப்போது நைலான் வலையோடுதான் கடலுக்குப் போகிறார். ஓரகத்தியிடம் நாங்கள் வாய் திறக்கவில்லை; பாசத்தில் செய்தவளை என்னவென்று கேட்பது? தன் புருஷனைக் கொன்ற அதே நூலால் அவள் இன்றும் இவருக்கு வலை அடைத்துத் தருகிறாள், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு அவளைத் தடுக்கவும் முடியவில்லை, அழுது தீர்க்கவும் முடியவில்லை.